40 சதவீதம் இருந்தால்தான் கூடுதல் நேரமா?



எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில் படிக்கும் மாணவிக்குப் பிறவியிலேயே வலக்கை விரல்களில் இறுக்கம். அரசு மருத்துவக் குழு கொடுத்த சான்றிதழில் குறைபாடு 30 சதவீதம் என்று இருக்கிறது. பருவத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பித்தவரை, "40 சதவீதம் இருந்தால்தான்" என்று வாய்மொழியாகவே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவருக்கு நான் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். கேட்டால் மளமளவென்று பதில் சொல்வார். எழுத உட்கார்ந்தால் மூன்றாம் பக்கத்திலேயே விரல்கள் பேனாவோடு இறுகிவிடும். இடக்கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து, கையை உதறிவிட்டுத்தான் அடுத்த வரி. மணி அடிக்கும்போது, விடை தெரிந்த பத்து மதிப்பெண் வினாக்கள் எழுதப்படாமலே நின்றுவிடுகின்றன.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 40 சதவீத வரம்பு இருப்பது இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்காக. தேர்வு எழுத உதவி கேட்பவருக்கு அந்த வரம்பைக் காட்டி மறுக்கக் கூடாது என்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலும் எழுதச் சிரமப்படுவோருக்குச் சொல்வதை எழுதுபவரையும், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரத்தையும் தரச் சொல்லின. இத்தனைக்குப் பிறகும் பழைய பதிலையே சொல்வது என்ன நியாயம்?

கூடுதல் நேரம் தருவது மற்ற மாணவர்களுக்கு அநீதி என்று சிலர் வாதிடுகிறார்கள். வரலாற்றுத் தேர்வு சோதிப்பது வரலாற்று அறிவையா, விரல்களின் வேகத்தையா? கூடுதல் நேரம் யாருக்கும் விடையைச் சொல்லிக் கொடுப்பதில்லை. பொய்ச் சான்றிதழ் வரும் என்ற அச்சம் இருந்தால் சான்றிதழை மருத்துவக் குழுவிடம் அனுப்பிச் சரிபார்க்கட்டும். யாரோ ஏமாற்றக்கூடும் என்பதற்காக உண்மையில் சிரமப்படுபவரைத் தண்டிக்கக் கூடாது.

தேர்வுக் கட்டணம் கட்டும் விண்ணப்பத்திலேயே இந்த உதவியைக் கேட்க இடம் இருக்க வேண்டும். நுழைவுச்சீட்டு வருவதற்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தந்து, மேல்முறையீடு செய்ய வேண்டிய அதிகாரி யார் என்பதையும் குறிப்பிட வேண்டும். அடுத்த பருவத் தேர்வுக்கு முன்பே எல்லாப் பல்கலைக்கழகங்களும் இதை நடைமுறைப்படுத்த உயர்கல்வித் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.