‘அதுவே புரிஞ்சுக்கும்’ என்ற பேச்சு

மென்பொருள் எழுதுகிறவர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை பரவிவருகிறது. ஏஐ ஏஜென்ட்டிடம் ஒரு டூலைக் கொடுத்தால் போதும், அதற்கு விளக்கம் எழுதி மெனக்கெட வேண்டாம், பெயரைப் பார்த்தே அதுவே புரிந்துகொள்ளும் என்கிறார்கள். "இவ்வளவு புத்திசாலி மாடலுக்கு இதுகூடவா தெரியாது?" என்று கேட்கவும் செய்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. அதற்கான விலையைக் கொடுக்கப்போவதும் இப்படிக் கேட்பவர் இல்லை, கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர்.

பயனர் கணக்கில் விவரங்களை மாற்றும் டூலையே எடுத்துக்கொள்வோம். ‘பயனர் கணக்கைப் புதுப்பிக்கும்’ என்று ஒரே வரியில் விளக்கம். பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, முகவரி என்று நான்கு புலங்கள். ஒரு வாடிக்கையாளர், "என் ஃபோன் நம்பர் மாறிடுச்சு, புது நம்பர் போட்டுடுங்க" என்கிறார். ஏஜென்ட் புது எண்ணை நிரப்பிவிடும். மற்ற மூன்று புலங்களை என்ன செய்யும்? அனுப்பாமலே விடலாம். வெறுமையாக அனுப்பலாம். மதிப்பு இல்லை என்று பொருள்படும் ‘நல்’ (null) என்று போடலாம். வலைச் சேவைகளின் ‘புட்’ முறையில், அனுப்பியதை மட்டும் வைத்துக்கொண்டு பழைய பதிவு மொத்தமும் போய்விடும். 2010-ல் ஆர்எஃப்சி 5789 கொண்டுவந்த ‘பேட்ச்’ முறையில், சொன்ன இடம் மட்டும் மாறும். 2014-ல் வந்த ஜேசன் மெர்ஜ் பேட்ச் தரத்தின்படி, ‘நல்’ அனுப்பினால் அந்த விவரத்தையே அழித்துவிடு என்று பொருள். உங்கள் டூல் இதில் எந்த வழியில் நடக்கிறது என்பது நீங்கள் எடுத்த முடிவு. நீங்கள் எழுதி வைக்காத முடிவை எந்த அறிவும் கண்டுபிடிக்காது. நாளைய மாடல் இன்னும் கெட்டிக்காரத்தனமாக இருக்கலாம். அதுவும் ஊகிக்கத்தான் செய்யும். ஊகம் தப்பினால் ஒரு மனிதரின் மின்னஞ்சலும் முகவரியும் சத்தமில்லாமல் காணாமல்போகும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து சீட்டில் கேட்பார், கோடைத் திறந்து பார்ப்பார். ஏஜென்ட்டுக்குப் பெரும்பாலும் அந்த வழி இல்லை. மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைக்க ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில், ஒரு டூலைப் பற்றி மாடல் முன்னால் வந்து சேர்வது முக்கியமாக அதன் பெயர், விளக்கம், புலங்களின் அமைப்பு, இவ்வளவுதான். அந்த விளக்கத்தில் ஒரு வாக்கியம் மாறினால் ஏஜென்ட்டின் நடத்தையே மாறும். ஆகவே அது நிரலின் ஒரு பகுதி. நேரம் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கும் வேலையாக அதை நினைப்பதே பிழை.

அதிலும் இது கணக்கை மாற்றும் டூல். மின்னஞ்சல் யார் கையில் இருக்கிறதோ, கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் அவர் கைக்கே போகும். 2020 ஜூலையில் ட்விட்டர் ஊழியர்களின் உள் கருவிகள் வெளியார் கையில் சிக்கின. 130 கணக்குகள் குறிவைக்கப்பட்டன. அவற்றில் 45 கணக்குகளிலிருந்து அவர்களால் ட்வீட் போட முடிந்தது. ஒபாமாவின் கணக்கும் தப்பவில்லை. அங்கே ஏஐ எதுவும் இல்லைதான். ஆனால் கணக்கை மாற்றும் கருவிக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"பாதுகாப்பு சர்வரில்தானே இருக்க வேண்டும், விளக்கத்திலா?" என்று சிலர் மடக்குவார்கள். பூட்டு சர்வரில்தான் இருக்க வேண்டும், மறுக்கவில்லை. 2012-ல் கிட்ஹப்பில் பயனரின் பொதுச் சாவியைப் (public key) புதுப்பிக்கும் படிவம், ஏற்கக்கூடாத ஒரு புலத்தையும் ஏற்றுக்கொண்டது. அந்த வழியாக ஒருவர் ரெயில்ஸ் என்ற மென்பொருள் திட்டத்துக்குள்ளேயே நுழைந்து காட்டினார். அதற்கு மருந்து சர்வரில்தான். ஆனால் அனுமதி உள்ள ஏஜென்ட், அனுமதி உள்ள புலத்தில் தவறான மதிப்பைப் போட்டால் எந்தப் பூட்டும் தடுக்காது.

நம் பெயர்களையே பாருங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். "ச. முருகன்னு மாத்துங்க" என்று கேட்டால், ‘கடைசிப் பெயர்’ என்று தனிப் புலம் வைத்திருக்கும் டூலில் அங்கே எதைப் போடுவது? முருகனையா, ச-வையா? ‘குடும்பப் பெயர் இல்லாதவருக்கு இதைக் காலியாக விடவும், இனிஷியலைப் பெயரோடு சேர்த்தே எழுதவும்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் தீர்ந்தது. அந்த வரி இல்லாததால் கணக்கில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று அலையப்போவது அந்த முருகன்.

அப்படி என்ன பெரிதாக எழுதச் சொல்கிறோம்? அனுப்பாத புலம் அப்படியே இருக்குமா, அழியுமா? தொலைபேசி எண்ணுக்கு +91 வேண்டுமா? மின்னஞ்சலை மாற்றும் முன் பயனரிடம் உறுதி கேட்க வேண்டுமா, பழைய முகவரிக்குத் தகவல் போகுமா? பாதியில் இணைப்பு அறுந்தால் மறுபடி அழைக்கலாமா? எந்த மாற்றத்தைத் திரும்பப் பெற முடியாது? பிழைச் செய்தியும் வெறும் ‘400’ என்று நிற்காமல், எந்தப் புலத்தில் என்ன தவறு என்று சொல்ல வேண்டும். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் வேலை இது.

அந்த ஒரு பக்கத்தை எழுதி முடிக்கும்வரை, உங்கள் டூலை வாடிக்கையாளர் கணக்குப் பக்கமே விடாதீர்கள்.