தாங்குவதும் மீள்வதும்

ஆங்கிலத்தில் 'ரெசிலியன்ஸ்' எனப்படுவதற்குத் தமிழில் தாங்குதிறன், மீள்திறன் என இரு சொற்கள் வழங்குகின்றன. கட்டுரைகளில் இவை ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று எடுத்தாளப்படுவதும் உண்டு. ஆனால், இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவில்தான் இந்திய மருத்துவக் கல்வியின் பெருஞ்சிக்கல் ஒன்று அடங்கியிருக்கிறது.

உளவியலுக்கு வருமுன்னரே இச்சொல் பொருள்களின் இயல்பைக் குறித்தது. ஓர் எஃகுக் கம்பி சுமையை ஏற்று, மீள்தன்மை எல்லைக்குள் வளைந்து, சுமை நீங்கியதும் ஏற்ற ஆற்றலைத் திருப்பித் தந்து பழைய வடிவத்திற்கு வருகிறது. இதுவே பொறியியலாளர் கூறும் ரெசிலியன்ஸ். உடையும்வரை தாங்குவதற்கு அவர்களிடம் வேறு பெயர் உண்டு. சுமையை இறக்காமல் ஒரு கம்பியின் மீள்திறனைக் காண இயலாது.

மருத்துவ ஆசிரியர்கள் பலரின் மனத்தில் இருப்பதோ உடையும்வரை தாங்குவது. இரவெல்லாம் விழித்திருந்து, காலையில் முகம் வாடாமல் வார்டு சுற்றில் நிற்பவரே அவர்கள் பார்வையில் உறுதியான மாணவர். 'எங்கள் காலத்தில் நாங்கள் இதைவிட அதிகம் பார்த்தோம்' என்னும் வாக்கியம் வடக்கிலும் தெற்கிலும் மொழி மட்டுமே மாறி ஒலிக்கிறது. இதில் கொடுமை மட்டுமே இருப்பதாகக் கருதுவது பிழை. துன்பத்தைத் தவமாகக் காணும் மரபு, ஆசிரியருக்குப் பணிவிடை செய்து வித்தை பெறும் வழக்கம், பிள்ளையின் படிப்புக்காக நிலத்தை விற்ற குடும்பத்தின் நினைவு ஆகியவை சேர்ந்தே அந்த ஆசிரியரையும் உருவாக்கின. தாம் பெற்றதையே அவர் தருகிறார். அதை அன்பு என்றும் நம்புகிறார்.

எனினும், 'இது நம் பண்பாடு' என்னும் வாதம் முழுதும் நிற்காது. பயிற்சி மருத்துவர் மருத்துவமனையிலேயே குடியிருக்கும் முறை குருகுலத்திலிருந்து வந்ததன்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்லரும் ஹால்ஸ்டெடும் வகுத்த முறையே உலகெங்கும் பரவியது. அவ்வாறு ஓய்வின்றி உழைக்கும் மரபுக்கு வித்திட்ட ஹால்ஸ்டெட், கொகெயினுக்கும் பின்னர் மார்ஃபினுக்கும் அடிமையாகியிருந்தவர் என்பதை மருத்துவ வரலாறு பதிவு செய்துள்ளது. இறக்குமதியான ஒரு பணிமுறைக்கு உள்ளூர்த் தவத்தின் பெயர் சூட்டப்பட்டுள்ளது என்பதே பொருத்தம்.

சட்டமும் தாங்குதலின் பக்கமே மெல்லச் சாய்ந்துவிட்டது. 1992இல் மத்திய சுகாதார அமைச்சகம் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்று வரையறுத்தது. 2023ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள் எண் எதையும் கூறாமல் 'நியாயமான வேலை நேரம்' என்றன. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு பரிந்துரைத்த உச்ச வரம்பு வாரத்துக்கு 74 மணி. முப்பத்திரண்டு ஆண்டுகளில் 48 என்பது 74 ஆனதை முன்னேற்றமாகக் கருத நேர்வதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. அதே பணிக்குழுவின் இணையவழிக் கணக்கெடுப்பில் முதுநிலை மாணவர்களுள் 31.2 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் எழுந்ததாகத் தெரிவித்தனர். இளநிலை மாணவர்களுள் 16.2 விழுக்காட்டினர். தாமாக முன்வந்து விடையளித்தோரின் கணக்கு இது என்பதை மறத்தலாகாது. ஆயினும், முதுநிலைக்கு வந்தபின் இவ்விழுக்காடு ஏறத்தாழ இருமடங்காவதை 'இக்காலப் பிள்ளைகளின் மென்மை' என்று விளக்கிவிட முடியாது.

பண்பாட்டின் மற்றொரு பக்கத்தை ஆசிரியர்கள் கண்டுகொள்வதே இல்லை. இந்நாட்டில் மனிதர் பெரும்பாலும் தனியாக மீள்வதில்லை. விடுதி அறைத்தோழி கொண்டுவரும் தேநீர், அம்மாவின் தொலைபேசி அழைப்பு, பண்டிகைக்கு ஊர் போய்த் திரும்பும் இரண்டு நாள், கோயில் அல்லது தர்கா வாசல் என மீட்சி பலர் கைகளில் பகிர்ந்து கிடக்கிறது. பல பண்பாடுகளின் இளையோரை ஆராய்ந்த மைக்கேல் உங்கரும், மீள்திறன் ஒருவருடைய நெஞ்சுரத்தை மட்டுமன்றி, அவரைச் சூழ்ந்தோர் தரும் துணையையும் பொறுத்தது என்றே வாதிடுகிறார். ஆனால், விடுப்பு கேட்கும் மாணவர் 'வீட்டு நினைப்பு விடாதவர்' எனப்படுகிறார். அழுதவர் அறுவை மருத்துவத்துக்கு ஏற்றவரல்லர் எனப்படுகிறார். மீள்வதற்கான வழியே பலவீனத்தின் சான்றாகப் பதிவாகிறது.

இத்தீர்ப்பு எல்லோர்மீதும் ஒரே எடையில் விழுவதுமில்லை. மருத்துவர் வீட்டுப் பிள்ளை தளர்ந்தால் 'களைப்பு'. இடஒதுக்கீட்டில் வந்த முதல் தலைமுறை மாணவர் தளர்ந்தால் 'அடிப்படையே போதாது'. அவர் ஏற்கெனவே மொழி, சாதி, பணம் என மூன்று சுமைகளோடு உள்ளே வந்தவர் என்பது கணக்கில் வருவதில்லை. எத்தனை முறை மீண்டு அவ்வாசலை அடைந்தார் என்பதும் கேட்கப்படுவதில்லை.

2019 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம் மாணவருக்கு மனஅழுத்த மேலாண்மை, யோகா, தகவல்தொடர்பு ஆகியவற்றைக் கற்பிக்கிறது. நல்லதே. ஆயின் மாற வேண்டியவர் மாணவர் மட்டுமே என்னும் அனுமானம் இதனுள்ளும் ஒளிந்திருக்கிறது. ஆசிரியர்களுக்கான மருத்துவக் கல்வி அடிப்படைப் பயிற்சியில் இதற்கென ஓர் அமர்வை ஒதுக்கலாம். அதில் யாரும் விரிவுரை ஆற்றத் தேவையில்லை. தாம் பயிற்சி மருத்துவராக இருந்தபோது உடைந்த ஒருநாளையும், அன்று தம்மை மீட்டவர் யார் என்பதையும் ஒவ்வொருவரும் சக ஆசிரியர்களிடம் சொன்னால் போதும். அடுத்த வாரத்தின் இரவுப்பணிப் பட்டியலை அவர்கள் அந்த அமர்வு முடிந்தபின் எழுதட்டும்.