ஆய்வுக் கருவிக்கு எதற்கு இந்த வரி?

நாம் வாழும் புவியியல் காலகட்டத்துக்கு ‘மேகாலயன்’ என்று பெயர். சிரபுஞ்சிக்கு அருகே மாம்லூ குகையில் வளர்ந்த சுண்ணாம்புக் கல் ஒன்று, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிந்ததைக் காட்டியது. அதனால் 2018-இல் உலகம் ஏற்றுக்கொண்ட பெயர் இது. பெருமைதான். ஆனால், அப்படிப்பட்ட கற்களைப் படிக்கும் கருவியை வாங்கக் கிளம்பும் நம் விஞ்ஞானிக்கு அரசுகள் இழைப்பது அநீதி.

பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் துளைப்பானால் கல்லின் ஒவ்வொரு படலத்திலிருந்தும் சிட்டிகைக்கும் குறைவான தூளைச் சுரண்டி எடுக்கிறார்கள். பாஸ்பாரிக் அமிலம் பட்டதும் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. அந்த வாயுவில் ஆக்சிஜன்-16-க்கு ஆக்சிஜன்-18 எந்த விகிதத்தில் இருக்கிறது என்பதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அளக்கிறது. மழை வலுத்த ஆண்டுகளில் கனமான ஆக்சிஜன் குறையும். வித்தியாசமோ ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். மலிவுக் கருவியால் ஆகிற வேலையல்ல இது.

அரசு ஆய்வு நிறுவனங்களின் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி சலுகையை 2022 ஜூலையில் பறித்தார்கள். வரி 18 சதவீதமானது. கருவியின் விலை 2 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சமாக இருந்த வரி 36 லட்சமாகிறது. கூடுதலாகப் போகும் 26 லட்சம், வீட்டு வாடகைப்படி நீங்கலாக ஓர் ஆய்வு மாணவரின் ஐந்தாண்டு உதவித்தொகையைவிட அதிகம். கொடுப்பதும் அரசுப் பணம், போய்ச் சேர்வதும் அரசின் கஜானா. நடுவில் தேய்வது ஆய்வு.

சலுகை தந்தால் வரிச் சங்கிலி அறுந்துவிடும் என்கிறார்கள். வியாபாரி, தான் கட்டிய வரியை விற்பனையில் கழித்துக்கொள்வார். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய மழையை எந்தப் பேராசிரியர் யாரிடம் விற்பது?

2025 ஜூனில் நிதியமைச்சகம் கொஞ்சம் இறங்கிவந்தது. அரசின் கொள்முதல் இணையதளமான ஜெம்முக்கு வெளியிலும் கருவி வாங்கலாம், 200 கோடி வரையிலான உலகளாவிய டெண்டருக்கு நிறுவனத்தின் இயக்குநரே ஒப்புதல் தரலாம் என்றது. வரவேற்கிறோம். வாசலைத் திறந்துவிட்டு சுங்கச்சாவடியை அப்படியே வைத்திருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பழியை டெல்லியின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. ஜிஎஸ்டி கவுன்சிலில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு மாநிலங்களுடையது. பழைய 5 சதவீதத்தை மீட்கும் தீர்மானத்தை அவற்றில் ஒன்றாவது அடுத்த கூட்டத்திலேயே கொண்டுவர வேண்டும்.