அனுப்புவதற்குக் கொள்கை உண்டு, திரும்பி வருபவருக்கு?

2005ஆம் ஆண்டு மூதூரிலிருந்து சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற ரிசானா நபீக்கிற்கு அப்போது வயது 17. கடவுச்சீட்டிலோ அவருக்கு 23 வயது. பராமரிப்பிலிருந்த குழந்தையின் மரணத்துக்காகக் கொலைக் குற்றம் சுமத்தப்பட்ட அவர், 2013 ஜனவரி 9ஆம் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டார். வறுமையும் போரும் சுனாமியும் சிதைத்த ஒரு ஊரிலிருந்து, வயதை மாற்றி எழுதி ஒரு சிறுமியை விமானம் ஏற்ற முடிந்தது எப்படி என்பதே அன்று எழுந்திருக்க வேண்டிய முதற் கேள்வி.

ஆனால் அரசின் கவனம் வேறு திசையில் சென்றது. அதே 2013இல் 'குடும்பப் பின்னணி அறிக்கை' நடைமுறைக்கு வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தாய்மார் வேலைக்காக வெளிநாடு செல்லத் தடை விதிக்கப்பட்டது. தந்தையருக்கு அப்படியொரு தடை இருக்கவில்லை. பிள்ளைகளின் நலனே காரணம் என்றார்கள். 2022 ஜூனில், நாடு டொலரின்றித் தவித்தபோது, அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. மாறியது பிள்ளைகளின் தேவையல்ல, திறைசேரியின் தேவை.

2021இல் சுமார் 5.5 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டுத் தொழிலாளரின் பணவரவு 2022இல் 3.8 பில்லியனாக வீழ்ந்தது. அதே ஆண்டில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டைவிட்டுச் சென்றனர். 2024இல் பணவரவு 6.5 பில்லியனைத் தாண்டியது. இந்தத் தொகைகள் மாதந்தோறும் அறிவிக்கப்படுகின்றன. திரும்பி வந்தவர்கள் எந்த நிலையில் வாழ்கிறார்கள் என்பதை யாரும் மாதந்தோறும் அறிவிப்பதில்லை.

வடக்கு கிழக்கில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முகமும் உண்டு. போருக்குப் பின் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கணவரின் சம்மதத்தை எதிர்பார்க்கும் ஒரு படிவத்தின் முன், கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண் என்ன செய்வார்? மரணச் சான்றிதழ் எடுத்தால் தேடுவதைக் கைவிட்டதாகிவிடும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெற வழியுண்டு. அதையும் ஏற்க மனம் வராதவர்கள் பலர். நுண்கடன் தவணையோ காத்திருப்பதில்லை.

இந்த இடைவெளியில்தான் உப முகவர் வீட்டு வாசலுக்கு வருகிறார். 1985ஆம் ஆண்டின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் அனுமதிப்பத்திரம் பெற்ற முகவர் நிலையங்களையே அறியும். கிராமத்தில் ஆள் பிடிப்பவர் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். அவர் முற்பணம் கொடுக்கிறார், கையொப்பங்களை ஏற்பாடு செய்கிறார், அவை கிடைக்காவிட்டால் சுற்றுலா விசாவில் அனுப்புகிறார். பணியகத்தில் பதியாமல் செல்பவருக்குக் காப்புறுதி இல்லை. போன இடத்தில் சம்பளம் கிடைக்காவிட்டாலும் அடி விழுந்தாலும், முற்பணம் வாங்கிய கடனாளி என்ற அச்சமே அவரை வாய்மூட வைக்கிறது. தடை பயணத்தை நிறுத்தவில்லை, பாதுகாப்பையே நிறுத்தியது.

ஆண்களின் கதையும் இதிலிருந்து தூரமில்லை. 2022 நவம்பரில், மூழ்கும் நிலையிலிருந்த படகிலிருந்து 303 இலங்கையர் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டனர். அவர்களில் பலர் பின்னர் நாடு திரும்பினர். இப்படித் திரும்புபவர்களின் பெயர் விமான நிலையத்தில் பதிவாகிறது, விசாரணை நடக்கிறது. பயணத்துக்காகப் பட்ட கடனும் ஈடு வைத்த காணியும் எந்தப் பதிவிலும் வருவதில்லை.

மீள்திரும்புவோரை மீள ஒருங்கிணைப்பதற்கான உப கொள்கை 2015இலேயே தயாரானது. தாளில் அது நல்ல கொள்கைதான். ஆனால் பத்து வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு முதுகுவலியோடு வரும் பெண்ணுக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை, ஓய்வூதியம் இல்லை. அவர் அனுப்பிய பணத்தில் வீட்டுச் சுவர் பாதியில் நிற்கிறது. மறுபடி போவதைத் தவிர வேறு வழி தெரியாத நிலையை 'மீள் ஒருங்கிணைவு' என்று அழைக்க முடியாது.

செய்யக் கூடியவை கண்ணுக்குத் தெரிபவைதான். உப முகவர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து பொறுப்பாளிகளாக்க வேண்டும். பெண்களைத் தடுக்கும் அறிக்கைக்குப் பதிலாக, பிள்ளைகளைப் பராமரிக்கும் ஏற்பாட்டைப் பிரதேச செயலகம் பொறுப்பேற்க வேண்டும். முறைப்பாட்டைத் தமிழில் கேட்டு, தமிழில் பதிலளிக்கும் அதிகாரி தூதரகங்களில் இருக்க வேண்டும். அனுப்பிய பணத்தின் ஒரு பங்கையாவது அனுப்பியவரின் முதுமைக்காகச் சேமிக்க அரசு வழி செய்ய வேண்டும்.

போகும்போது 'நாட்டின் வீரர்கள்' என்று வழியனுப்பும் அரசு, வரும்போது வாசலில் நிற்கிறதா என்பதே கேள்வி. மூதூரிலிருந்து போன அந்தச் சிறுமி திரும்பி வரவேயில்லை. திரும்பி வந்தவர்கள் நமது ஊர்களிலேயே இருக்கிறார்கள்.