பேனா பிடிக்கும் பிள்ளைகளுக்கு வரவிருக்கும் நாள்கள்

சென்ற வாரம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று இன்னும் எம் மேசையை விட்டு அகலவில்லை. மாத்தளை மாவட்டத்தில், இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் அவருக்குப் பத்திரிகைக் கல்வி பயில வேண்டுமென்பது அவா. சர்வகலாசாலையில் அக்கல்வி பயில்வோருக்கு ஆண்டு முழுவதும் என்னென்ன நிகழ்ச்சிகள் வரும், அவற்றுக்கு இப்போதே எவ்வாறு ஆயத்தமாகலாம் என்று கேட்டிருக்கிறார். தந்தையாருக்கோ இதில் விருப்பமில்லையாம். செய்தி எழுதப் போனவர்கள் வீடு திரும்பாத நாடு இது, வாத்தியார் வேலைக்குப் படித்தால் போதும் என்கிறாராம்.

கடிதத்தின் அடியில் பிற்குறிப்பாக ஒரு வாக்கியம். தம் தோட்டத்துப் பாதை உடைந்து பல ஆண்டுகளாயிற்று என்றும், நோயாளரைத் தோளில் சுமந்தே பெருந்தெருவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்றும், அதைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரியேனும் வந்ததில்லை என்றும் அம்மாணவி எழுதியிருக்கிறார். அந்தப் பிற்குறிப்பே அவருடைய முதற் செய்தி என்பது எமது எண்ணம்.

இக்கேள்வி ஒரு வீட்டுக்குரியதன்று, பல வீடுகளுக்குரியது. ஆதலின் இவ்வாரம் இதனையே எடுத்துக்கொள்வோம்.

பத்திரிகைத் தொழிலைப் பள்ளியில் கற்பிக்கலாமா என்ற வாதம் பழையது. அமெரிக்காவின் மிசூரி சர்வகலாசாலை 1908ஆம் ஆண்டில் பத்திரிகைக் கலைக்கெனத் தனிக் கல்லூரி தொடங்கியபோது, அனுபவத்தால் வருவதை வகுப்பறையில் புகட்ட முடியுமா என்று நகைத்தோர் பலர். அக்கல்லூரியோ வகுப்புத் தொடங்கிய நாளிலேயே மாணவரைக் கொண்டு ஒரு செய்தித்தாளை வெளியிட்டு விடையளித்தது. 1912இல் பத்திரிகையதிபர் ஜோசப் புலிட்சரின் கொடையால் நியூயோர்க் கொலம்பியா சர்வகலாசாலையிலும் ஒரு கல்லூரி எழுந்தது. இந்தியாவில் லாகூரும் பின்னர் சென்னையும் இவ்வழியிற் சென்றன. எமது நாட்டில் களனி, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்கள் ஊடகக் கல்வியை அளிக்கின்றன. கொழும்பில் 2004இல் நிறுவப்பட்ட இலங்கை இதழியல் கல்லூரி தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் பயிற்சியளிக்க முன்வந்தது.

இவ்விடங்களிற் பாடப்புத்தகம் பாதி. நிகழ்ச்சிகளே மறு பாதி. மூத்த பத்திரிகாசிரியர் வந்து உரையாற்றுவார். மாணவருள் ஒருவர் அமைச்சராய் அமர, மற்றையோர் நிருபராய் நின்று கேள்வி தொடுப்பர். நீதிமன்றத்துக்கும் உள்ளூராட்சிச் சபைக்கும் சென்று குறிப்பெடுப்பர். இவற்றோடு உலகம் முழுவதும் கொண்டாடும் சில நாள்களும் வரும். அந்நாள்கள் இன்னவை, மாத்தளையில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அவை எவ்வாறு பயன்படும் என்பதைத் திங்கள் வரிசையிற் கூறுவோம்.

ஜனவரி மாதத்தை எமது நாட்டுப் பத்திரிகையாளர் 'கறுப்பு ஜனவரி' என்று நினைவுகூர்கின்றனர். 2009 ஜனவரி 8ஆம் திகதி பத்திரிகாசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொழும்புக்கு அண்மையில் வீதியிற் கொல்லப்பட்டார். இந்நினைவுக் கூட்டங்களில் மாணவர் பின்வரிசையிலேனும் அமர்ந்திருக்க வேண்டும். தாம் நுழையும் தொழிலின் விலை இன்னதென்று அறிந்தே நுழைதல் நன்று.

பெப்ரவரி 21 சர்வதேசத் தாய்மொழி தினம். 1952இல் டாக்கா நகரில் வங்காள மொழிக்காக மாணவர் உயிர்துறந்த நாள் அது. யுனெஸ்கோ 1999இல் அதனை உலக தினமாக அறிவித்தது. மாத்தளையில் இதனையொட்டியே மாசிமகமும் வரும். முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதிவலம் வருகையில் மலைத்தோட்டங்கள் யாவும் நகருக்கு இறங்கி வந்தாற்போல் இருக்கும். அன்று தேரை மாத்திரம் பார்த்துத் திரும்பாமல், ஒரு முதியவர் அருகில் அமர்ந்து, அவருடைய பாட்டனார் எவ்வழியால் இங்கு வந்தார் என்று கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதிக்கொள்ளலாம். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்து கடந்து, தம்புள்ளையூடாக மாத்தளையை அடைந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் எத்தனை பேர் என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகின்றனர். உடன் சென்று எழுதிவைக்க ஒரு நிருபர் இல்லாமற் போனதன் விளைவு அது.

மே 3 உலக பத்திரிகைச் சுதந்திர தினம். ஆபிரிக்கப் பத்திரிகையாளர் 1991இல் நமீபியாவின் விண்டூக் நகரிற் கூடிச் செய்த பிரகடனத்தின் நினைவாக, ஐக்கிய நாடுகள் சபை 1993இல் இந்நாளை ஏற்றுக்கொண்டது. இந்நாளுக்கு முந்திய நாள், 2006ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்தில் 'உதயன்' பத்திரிகை அலுவலகத்துட் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைச் சுட்டுக்கொன்றனர். பேச்சுப் போட்டியில் 'சுதந்திரம்' என்ற சொல்லைப் பன்முறை உச்சரிக்கும் மாணவர் இதனையும் அறிந்திருத்தல் வேண்டும்.

மே 21 சர்வதேசத் தேயிலை தினம். 2019இல் ஐக்கிய நாடுகள் சபை இதனை அங்கீகரித்தது. அன்று பத்திரிகைகளில் தேயிலையின் ஏற்றுமதி வரும், ஏல விலை வரும், கோப்பையின் படமும் வரும். கொழுந்து கிள்ளியவரின் பெயர் வருவது அரிது. தாயாரின் ஒருநாள் வேலையைப் பிரட்டுக்களத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் இடம் வரை மணிக்கு மணி குறித்து எழுதத் தோட்டத்துப் பிள்ளையைவிடத் தகுதியுடையார் யார்?

ஆகஸ்ட் 8 மாத்தளைக்கே உரிய நாள். 1848இல் இத்திகதியிலேதான் வீர புரன் அப்பு கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். இக்கிளர்ச்சியைச் சரித்திர வகுப்பிற் படித்தவர் பலர். அதனுள் ஒரு பத்திரிகைக் கதை இருப்பதை அறிந்தவர் சிலர். தேசாதிபதி டொரிங்டன் பிரபு நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, வீதி வேலைக்குக் கட்டாய உழைப்பு என்று சுமத்தியபோது, 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகையை நடத்திய அயர்லாந்து நாட்டு வைத்தியர் கிறிஸ்தோப்பர் எலியட் அவற்றைக் கண்டித்தார். அவ்வாண்டு ஜூலையில் வெளிவந்த கண்டனக் கடிதமொன்று சிங்களத்திலும் பரவியது. கிளர்ச்சி மூண்டதும், மக்களைத் தூண்டியது பத்திரிகையே என்று அரசாங்கம் பழிசுமத்தியது. மாத்தளையிலும் கண்டியிலும் குருநாகலிலும் இராணுவச் சட்டத்தின்கீழ் நிகழ்ந்த கொடுமைகள் பின்னர் இலண்டன் பாராளுமன்றத்தில் விசாரிக்கப்பட்டன. 1850இல் டொரிங்டன் பதவியிழந்து சென்றார்.

வரியா, கடிதமா, கிளர்ச்சியை மூட்டியது எது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மாணவர் அரைநாள் விவாதம் நடத்தலாம். வயிற்றில் அடித்தவரை விட்டுவிட்டு, 'வலிக்கிறது' என்று எழுதியவரைப் பிடிக்கும் வழக்கம் அன்றே இருந்தது என்பது எமது அபிப்பிராயம்.

செப்டெம்பர் 28 தகவல் அறியும் உரிமைக்கான சர்வதேச தினம். இதனைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவோம். எமக்கு எழுதிய மாணவிக்கு இதுவே மிகவும் வேண்டியது. எமது நாட்டில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. பொது அதிகாரசபை எதனிடத்தும் தகவல் கேட்க இந்நாட்டுப் பிரசை எவருக்கும் உரிமையுண்டு. காரணம் கூறவேண்டியதில்லை, நிருபராய் இருக்கவேண்டியதுமில்லை. தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பித்தால், இயன்றளவு விரைவிலும் எவ்வாறாயினும் 14 வேலைநாள்களுக்குள்ளும் அவர் தீர்மானம் கூறவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு.

'பிரசை' என்ற அச்சொல்லின் அருமையை மலைநாட்டார் நன்கறிவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள், பல ஒப்பந்தங்களையும் சட்டங்களையும் தாண்டி, 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் அத்துயரத்தின் கடைசி அத்தியாயத்தை முடித்தனர். பாட்டனாருக்கு வாக்குச்சீட்டு மறுக்கப்பட்ட அதே தோட்டத்திலிருந்து, பேத்தி பிரசை என்ற தகுதியில் அரசாங்கக் கந்தோரிடம் கணக்குக் கேட்கலாம் என்பது சிறிய மாற்றமன்று.

நவம்பர் 2 பத்திரிகையாளருக்கு எதிரான குற்றங்கள் தண்டனையின்றிப் போவதை ஒழிப்பதற்கான தினம். இதனோடு தந்தையாரின் அச்சத்துக்கு வருகிறோம்.

அவ்வச்சத்தை வீண் அச்சம் என்று நாம் கூறமாட்டோம். 1990இல் ரிச்சர்ட் டி சொய்சா, 2000இல் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன், 2004இல் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன், 2005இல் தராக்கி சிவராம் என்று இந்நாடு இழந்த எழுத்தாளரின் பட்டியல் நீண்டது. மகளை நேசிக்கும் தகப்பன் இப்பெயர்களை மறப்பானாயின் அதுவே வியப்பு. ஆயினும் தந்தையார் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். பத்திரிகைத் தொழில் எல்லாம் போர்க்களத்துத் தொழிலன்று. விலைவாசி எழுதுவோர், விவசாயம் எழுதுவோர், கல்வி எழுதுவோர், பிழைதிருத்துவோர், வானொலியிற் பேசுவோர் எனப் பலர் அதில் உளர். கல்லூரியிற் பயிலும் பயன்களுள் ஒன்று, எச்செய்தியை எவ்வாறு சரிபார்ப்பது, எவரை எப்பொழுது பெயர் கூறாமற் காப்பது, எங்கே தனியே செல்லலாகாது என்பவற்றைக் கற்பதாகும். பயிற்சி பெற்றவரைவிடப் பயிற்சி பெறாதவருக்கே ஆபத்து மிகுதி.

மலைநாட்டுப் பெண்ணுக்கு இத்தொழில் புதிதுமன்று. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசையர் புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுட் புகுந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார் என்பர். அவர் 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தியபோது, அவர்தம் மனைவியார் மீனாட்சியம்மாள் உடனிருந்து எழுதினார். தொழிலாளர் நடுவே நின்று பாடவும் செய்தார். பின்னாளில் 'வீரகேசரி'யும் 'தினகரனு'ம் மலைநாட்டு எழுத்துக்கு இடமளித்தன. மாத்தளை சோமு, மலரன்பன், மாத்தளை வடிவேலன் போன்றோர் இம்மண்ணிலிருந்தே எழுந்து கதை படைத்தனர். கதை எழுதியோர் இங்கே மிகுதி. செய்தி எழுதியோர் குறைவு. அக்குறையை நிரப்ப ஒரு பிள்ளை முன்வரும்போது, 'வேண்டாம்' என்பதற்கு முன்னர் ஒருமுறை அவரை எழுதவிட்டுப் பார்க்கலாமே.

மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தூரத்தில் அலுவிகாரை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், பஞ்சத்தாலும் போராலும் பிக்குகள் மடிய, அதுவரை மனத்தில் மாத்திரமே காத்துவந்த திரிபிடகம் அவர்களோடு அழிந்துவிடுமென்று அஞ்சி, அங்கேதான் அதனை ஏட்டில் எழுதிவைத்தனர். எழுதாதது அழியும் என்ற பாடத்தைக் கற்கத் தூரதேசம் போகவேண்டியதில்லை; மாத்தளைப் பிள்ளைகளுக்கு அது நடைதூரத்திலேயே இருக்கிறது.

எனவே அம்மாணவிக்கு எமது விடை இது. சர்வகலாசாலை அழைக்கும்வரை காத்திருக்கவேண்டாம். ஒரு குறிப்புப் புத்தகம் வாங்கி, நாம் கூறிய நாள்களை முதற் பக்கத்தில் எழுதிவையுங்கள். தோட்டத்துப் பாதை எத்தனை கிலோமீற்றர், எங்கெங்கே உடைந்திருக்கிறது, நோயாளரைச் சுமந்து வர எத்தனை நிமிடம் ஆகிறது என்பவற்றை அளந்து குறியுங்கள். பிறகு பிரதேச சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். இப்பாதை எவருடைய பொறுப்பு, கடந்த ஐந்து ஆண்டுகளில் இதற்கென ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என்ற மூன்றே கேள்விகள் போதும். கோபச் சொல் ஒன்றும் வேண்டாம். விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டை மறவாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அவ்விண்ணப்பத்தைக் கொடுக்கப் போகும்போது தந்தையாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அப்பாதையில் உங்களைவிட அதிக காலம் நடந்தவர் அவர். பதில் கையில் கிடைக்கும் நாளில் அவர் முகத்தைப் பாருங்கள். கல்லூரிக்கு அனுப்புவாரா மாட்டாரா என்பது அதில் தெரிந்துவிடும்.

பதில் எதுவாயினும் எமக்கும் எழுதுங்கள். அந்தப் பாதையைப் பற்றிய ஒரு வரிக்கு இப்பகுதியில் இடம் ஒதுக்கி வைத்திருப்போம்.