கேணியைத் திற! கோயிலைத் திற!

மாந்தர் அனைவரும் சமம் என்று 1776-இல் அமெரிக்க விடுதலைச் சாசனத்தைத் தீட்டினார் தாமஸ் ஜெபர்சன். உலகம் போற்றும் உயரிய கொள்கை! ஆனால், அதை எழுதிய கரத்துக்கு உரியவர் தம் வாழ்நாளில் உடைமையாக வைத்திருந்த கறுப்பின அடிமைகள் 600-க்கும் மேற்பட்டோர். சாசனம் பிறந்து 89 ஆண்டுகள் உருண்டோடி, உள்நாட்டுப் போரில் குருதி வெள்ளம் பெருகிய பின்னரே, 1865-இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. ஏட்டிலே சமத்துவம், வீட்டிலே அடிமைத்தனம்! இது அமெரிக்காவுக்கு மட்டுமே உரிய நோயா?

ஜெபர்சன் பெயரை நம் மாணவர் மனப்பாடமாகச் சொல்வர். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் செல்லும் இளைஞரிடம், வழியிலே வரும் பரங்கிமலையில் பிறந்த அரசியல் மேதை யார் என்று கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பர். அவர்தாம் எம். சி. ராஜா. கடல் கடந்த மேதையைத் தெரிந்திருக்கிறோம். காலடியில் பிறந்தவரை மறந்திருக்கிறோம்!

1883-இல் பிறந்த ராஜா, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்றவர். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1916-இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். நீதிக்கட்சியின் சார்பில் சென்னைச் சட்டமன்றம் புகுந்த அவர், 1922-இல் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். இழிவைச் சுமந்த பழம்பெயர்களை அரசு ஏடுகளினின்று நீக்குக, ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று எழுதுக என்பது அதன் சாரம். அரசு ஏற்றது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. பெயராலேயே இழிவுபடுத்தப்பட்டவனைக் கேளுங்கள், விடை கிடைக்கும்!

வரலாற்றை மறைக்காமல் சொல்வதே பகுத்தறிவு. 1921-இல் ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் கலவரம் மூண்டபோது, நீதிக்கட்சித் தலைவர்கள் சிலர் ஆதிதிராவிடர்மீதே பழி சுமத்தினர். 1923-இல் ராஜா அக்கட்சியை விட்டு விலகினார். பார்ப்பனரல்லாதார் உரிமை பேசியோர், தமக்கும் கீழே நிறுத்தப்பட்டவனின் உரிமையைக் காக்கத் தவறினால், அது மேல்படியைத் தகர்த்துக் கீழ்ப்படியைக் காக்கும் வேலையே அன்றோ? இயக்கம் காண விழையும் ஒவ்வோர் இளைஞரும் படிக்க வேண்டிய பாடம் இது.

1932-இல் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் கூட்டுத் தொகுதிக்கு உடன்பாடு கண்டார் ராஜா. அம்பேத்கரோ தனித்தொகுதி கேட்டார். சாதி இந்துக்களின் மனம் மாறும் என்று நம்பினார் ராஜா. அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த பரிசு என்ன?

1938-ஆம் ஆண்டு பதில் சொல்லிற்று. பொதுக் கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் எவரையும் தடுத்தல் கூடாது என்னும் மசோதாவை ராஜா கொணர்ந்தார், நிறைவேறியது. அடுத்து, மாகாணம் முழுவதும் கோயில் நுழைவு கேட்டு மசோதா கொணர்ந்தார். முதலமைச்சர் ராஜகோபாலாச்சாரியார் எதிர்த்தார். படிப்படியாகச் செல்லலாம், முதலில் மலபார் போதும் என்றனர் ஆட்சியினர். மசோதா தோற்றது! அதே ஆண்டில்தான் பள்ளிகளில் இந்தி கட்டாயமாயிற்று. இந்தியைத் திணிக்கக் காலம் கனிந்திருந்தது. கோயிலைத் திறக்கக் காலம் கனியவில்லையாம்!

கோயிலுக்குள்ளே கடவுள் உண்டா என்பது வேறு வழக்கு. நாத்திகருக்குக் கோயில் நுழைவு எதற்கு என்று நையாண்டி செய்வோருக்குச் சொல்வோம்: உள்ளே இருப்பது கல்லாகவே இருக்கட்டும், வெளியே தடுக்கப்படுபவன் மனிதன்!

1942-இல் கிரிப்ஸ் முன்னிலையில் ராஜா, அம்பேத்கருடன் இணைந்து நின்றார். 1943-இல் மறைந்தார். அவர் கேட்ட, மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947-இல்தான் வந்தது. கேட்டவர் கண்மூடிய பின்னரே கதவு திறந்தது.

சட்டம் வந்ததும் சாதி செத்ததா? 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது. கிணற்றைத் திறக்கச் சட்டம் வந்து 84 ஆண்டுகள்! ஜெபர்சனின் சாசனத்துக்கும் அடிமை ஒழிப்புக்கும் இடையே நின்றதைப் போன்றதொரு நெடும் இடைவெளி. அங்கே அடிமைச் சந்தை சட்டப்படி மூடப்பட்டது. இங்கே சட்டம் இருந்தும் சந்து சந்தாகச் சாதி உலவுகிறது.

தோழர்களே! ராஜாவுக்கு மாலை சூட்டுவதால் மட்டும் கடன் தீராது. நம் ஊர்த் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை இருக்கிறதா? சுடுகாட்டுக்குத் தனிப்பாதை இருக்கிறதா? தெருவுக்குள் வரும் குடிநீர்க் குழாய் எந்த வீட்டோடு நின்றுவிடுகிறது? கேட்போம், கண்டுபிடிப்போம், சட்டத்தைச் செயல்பட வைப்போம். சமத்துவத்தை எழுதியவனை உலகம் அறியும். அதைக் கிணற்றடியில் கேட்டவனை நாம் அறிவோமாக!