15 பேருக்கு 2 கிலோ வான்கோழி: கடைசிப் பந்தி வரை குழம்பு மணக்க வேண்டாமா?

பண்டிகை நாளில் கறிக்குக் கணக்கு உண்டு. தாத்தாவுக்குத் தொடை, மாப்பிள்ளைக்கு நெஞ்சுக்கறி, பிள்ளைகளுக்கு ஈரல் என்று துண்டுகள் ஒவ்வொன்றாக இலைக்குப் போய்விடும். குழம்புக்கு அந்தக் கணக்கு கிடையாது. வருகிறவர்கள் எத்தனை பேரானாலும் அதுதான் ஈடுகொடுக்க வேண்டும். தீபாவளிக் காலை இட்லிக்கும், கிறிஸ்துமஸ் மதியச் சோற்றுக்கும், பொங்கல் முடிந்து வரும் கரிநாள் விருந்துக்கும் இதே நிலைதான்.

குழம்பு தண்ணீராகப் போனால் முதலில் பாதிக்கப்படுவது கடைசியாகச் சாப்பிட உட்காருபவர். அது யார் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும்.

கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு பக்கம் வெள்ளாற்றங்கரைக் கிராமங்களை எடுத்துக்கொள்வோம். அணைக்கட்டுத் தண்ணீர், நெல் வயல், சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகள் என்று இருக்கும் பகுதி. நாட்டுக்கோழிக் குழம்புதான் இங்கே வழக்கம். ஆனால் கூட்டம் பெரிதாக இருக்கும் வீட்டில், இரண்டு மூன்று கோழி அடிப்பதற்குப் பதில் ஒரு வான்கோழியைப் பங்கு போட்டு வாங்கிக்கொள்ளலாம். வான்கோழி கிடைக்காதவர்கள் இதே பக்குவத்தை நாட்டுக்கோழிக்கும் பயன்படுத்தலாம்.

எங்கிருந்தோ வந்த பறவை

வான்கோழி என்றதும் மூதுரை படித்தவர்களுக்கு மயிலைப் பார்த்து ஆடிய பறவை நினைவுக்கு வரும். இன்று நாம் குழம்பு வைக்கும் வான்கோழியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவில் வீட்டுப் பறவையாக வளர்க்கப்பட்டதை 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஊர் ஊராகப் போனதில் பெயர்தான் குழம்பிவிட்டது. ஆங்கிலேயர்கள் துருக்கியின் பெயரை வைத்தார்கள். துருக்கியர்களோ அதை ‘ஹிந்தி’ என்கிறார்கள். பிரெஞ்சுப் பெயரும் ‘இந்தியாவிலிருந்து வந்தது’ என்ற பொருளில் பிறந்ததுதான்!

இந்தியாவில் அது அதிசயமாகப் பார்க்கப்பட்ட காலமும் உண்டு. 1612-ல் கோவாவிலிருந்து ஒரு வான்கோழி முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரண்மனைக்கு வந்தது. பேரரசர் வியந்துபோய் அதை ஓவியமாக வரையச் சொன்னார். அரண்மனை ஓவியர் மன்சூர் வரைந்த வான்கோழிப் படம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. குழம்பில் விழும் மிளகாய், தக்காளி, முந்திரி மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவைதான். மிளகும் இஞ்சியும் மஞ்சளும் நம் பக்கத்துச் சொத்து. இரு தரப்பும் நம் ஊர் அடுப்பில் சம்பந்தி ஆகிவிட்டன.

தேவையானவை (15 பேருக்கு)

வான்கோழி – 2 கிலோ (கழுத்து, முதுகெலும்பு, இறக்கை நுனி, சுத்தம் செய்த இரைப்பை இவற்றைத் தனியாகக் கேட்டு வாங்கவும்)
சின்ன வெங்காயம் – 400 கிராம்
தக்காளி – 4
பூண்டு – 20 பல்
இஞ்சி – இரண்டு விரல் நீளம்
நல்லெண்ணெய் – 6 மேசைக்கரண்டி
மஞ்சள்தூள் – 1 டீஸ்பூன்
பட்டை 2 துண்டு, கிராம்பு 4, ஏலக்காய் 2, கறிவேப்பிலை, உப்பு

வறுத்துப் பொடிக்க: மல்லி 5 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 12, மிளகு ஒன்றரை டீஸ்பூன், சீரகம் 2 டீஸ்பூன், சோம்பு 2 டீஸ்பூன்.

அரைக்க: தேங்காய் அரை மூடி, முந்திரிப்பருப்பு 20, கசகசா 1 டீஸ்பூன்.

முதல் வேலை: எலும்புச் சாறு

பல வீடுகளில் எல்லாத் துண்டையும் ஒன்றாகப் போட்டு, குழம்பு போதாது என்று தெரிந்ததும் சொம்புத் தண்ணீரை ஊற்றுவார்கள். ருசி அங்கேயே போய்விடும். தண்ணீருக்குப் பதில் சாறு ஊற்றினால் குழம்பின் அளவும் கூடும், ருசியும் குறையாது.

தனியாக வாங்கிய கழுத்து, எலும்பு, இறக்கை நுனி, இரைப்பை இவற்றை இரண்டரை லிட்டர் தண்ணீர், நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு, கொஞ்சம் மஞ்சள்தூளோடு குக்கரில் வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 40 நிமிடம் விடுங்கள். ஈரலை இதில் போட வேண்டாம், சாறு கசந்துவிடும். உப்பும் இப்போது வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

வடிகட்டிய சாறு ஆறினால் லேசாகக் கொழகொழப்பாக இருக்கும். எலும்பையும் மூட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் சவ்வு கரைந்து இறங்கியதன் அடையாளம் அது. குழம்புக்குப் பாதிக் கெட்டித்தன்மை இங்கேயே கிடைத்துவிடுகிறது. கழுத்தில் ஒட்டியிருக்கும் கறியை உதிர்த்துக் குழம்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

தொடை முதலில், நெஞ்சு பிறகு

வான்கோழியின் தொடைக்கறி சிவப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும். வேக நேரம் எடுக்கும். நெஞ்சுக்கறி வெளுப்பாக, கொழுப்புக் குறைவாக இருக்கும். நேரம் அதிகமானால் பஞ்சு மாதிரி சக்கையாகிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்று வேகாது, அல்லது இன்னொன்று வீணாகும்.

மசாலாப் பொருட்களை எண்ணெய் விடாமல் மிதமான தீயில் தனித்தனியாக வறுத்துப் பொடியுங்கள். மழைக்காலப் பண்டிகைகளில் வெயிலை நம்ப முடியாது. அன்றன்று வறுத்துப் பொடிப்பதே மணம். மிஞ்சிய பொடியைப் பீங்கான் ஜாடியில் மூடி வையுங்கள். பீங்கான் தொழிலுக்குப் பெயர் போன விருத்தாசலம் பக்கத்தில்தானே இருக்கிறது! மெருகு பூசிய பீங்கான் எண்ணெயையோ மணத்தையோ உறிஞ்சாது.

அடி கனமான பாத்திரத்தில் நல்லெண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய், கறிவேப்பிலை தாளித்து, நறுக்கிய சின்ன வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டிச் சிவக்கும்வரை வதக்குங்கள். பத்து நிமிடமாவது ஆகும். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். பிறகு இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, மஞ்சள்தூள், வறுத்த பொடி. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்வரை கிளறுங்கள்.

இப்போது தொடைத் துண்டுகளையும் உப்பையும் சேர்த்துப் புரட்டி, சூடான சாறு இரண்டு கப் ஊற்றி, எல்லாவற்றையும் குக்கருக்கு மாற்றி 5 அல்லது 6 விசில் விடுங்கள். முற்றிய பறவை என்றால் இன்னும் இரண்டு விசில். ஆவி அடங்கியதும் திறந்து, நெஞ்சுத் துண்டுகளையும் மீதிச் சாற்றையும் சேர்த்து, மூடி போட்டு 20 நிமிடம் மிதமான தீயில் கொதிக்க விடுங்கள். உள்ளே சிவப்பு தெரியாமல் வெந்திருக்க வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் துண்டின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

“அத்தை, குழம்பு தண்ணியா இருக்கே!”

பந்தி போடப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் மருமகளுக்கு இது கண்ணில் படும். அத்தைமார்களின் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “பதறாத. ஒரு பிடி முந்திரிய வெந்நீர்ல ஊற வெச்சு, நைசா அரைச்சு ஊத்து.”

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் முந்திரிக்குப் பஞ்சமில்லை. விருத்தாசலத்தில் உள்ள மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையம் விஆர்ஐ 3 போன்ற முந்திரி ரகங்களை வெளியிட்ட இடம். உடைந்த பருப்பை வாங்கினால் விலையும் குறைவு. அரைக்கத்தானே போகிறோம்!

தேங்காய், முந்திரி, கசகசாவை வெண்ணெய் போல அரைத்து, கடைசி 8 நிமிடத்தில் ஊற்றுங்கள். முன்பே ஊற்றினால் முந்திரி அடிபிடிக்கும், தேங்காய் திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும். ஊற்றிய பிறகு தீ குறைவாகவே இருக்கட்டும்.

முந்திரி இல்லையா? அரிசி மாவு இரண்டு ஸ்பூனைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். மாவை அப்படியே கொதிக்கும் குழம்பில் தூவக் கூடாது. சூடு பட்டதும் மாவின் வெளிப்பக்கம் வெந்து உறை போல மூடிக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு அப்படியே நிற்கும். கட்டி கட்டியாகத் தெரிவது அதுதான்.

வெளிநாட்டில் கிறிஸ்துமஸுக்கு வான்கோழியை முழுதாக அவனில் சுடுபவர்களும் இதே பாடத்தைத்தான் வேறு வழியில் படிக்கிறார்கள். தட்டில் வடிந்த கொழுப்பு இரண்டு மேசைக்கரண்டி, மைதா இரண்டு மேசைக்கரண்டி. இரண்டையும் வறுத்து, ஒரு கப் சூடான சாறு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் அவர்களுடைய கிரேவி தயார். மாவின் ஒவ்வொரு துகளையும் கொழுப்பு சுற்றிக்கொள்வதால் கட்டி விழுவதில்லை. தட்டில் ஒட்டியிருக்கும் பழுப்பு நிறப் படிவைச் சுரண்டிச் சேர்ப்பதில்தான் அதன் ருசி. நம் வீட்டில் வெங்காயத்தைச் சிவக்க வதக்கும்போது கிடைக்கும் ருசியும் அப்படிப்பட்டதே.

பதம் பார்க்க, கரண்டியின் பின்பக்கத்தில் குழம்பு படிந்ததும் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு கலையாமல் நின்றால் சோற்றுக்குச் சரி. இட்லிக்கு என்றால் கொஞ்சம் இளகலாக இறக்கிவிடுங்கள். ஆற ஆற இறுகும்.

உப்பு கூடிவிட்டால்?

உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். கிழங்கு தன் பங்குக்குக் கொஞ்சம் குழம்பைக் குடிக்குமே தவிர, உப்பை மட்டும் பிரித்து எடுக்காது. அதற்காகத்தான் சாற்றில் உப்பு போட வேண்டாம் என்றது. இரண்டு கப் உப்பில்லாத சாறு கையிருப்பில் இருந்தால், அதை ஊற்றிச் சரி செய்துவிடலாம். காரம் கூடினாலும் அதே வைத்தியம்தான், கூடவே கொஞ்சம் தேங்காய்ப் பால்.

மறுநாள் குழம்பு

பழைய குழம்பைச் சுண்ட வைத்துப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதற்கு ஈடு ஏது! ஆனால் ராத்திரி முழுக்க அடுப்பு மேல் வைத்துவிட்டுக் காலையில் சுட வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாது. பெரிய பாத்திரத்தில் குழம்பு மெதுவாக ஆறும்போது அவை மறுபடி பெருகும். அடுப்பிலிருந்து இறக்கிய 2 மணி நேரத்துக்குள் சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். தேவையானதை மட்டும் எடுத்து, நடுவிலும் தளதளவென்று கொதிக்கும்வரை சூடாக்குங்கள்.

முதல் இலைக்கு முன்னால்

“எனக்குக் கறியெல்லாம் வேணாம், குழம்பே போதும்.” பண்டிகை நாளில் அம்மாக்கள் சொல்லும் வசனம் இது. சிலருக்கு நிஜமாகவே குழம்புதான் பிடிக்கும். பலருக்குச் சட்டியில் துண்டு மிச்சமில்லை என்பதுதான் காரணம். விடியற்காலை எழுந்து வெங்காயம் உரித்தவருக்கு, மூன்று மணிக்குச் சட்டியை வழித்துச் சாப்பிடும் நிலை வரக் கூடாது.

வழி எளிது. அடுப்பை அணைத்ததும், முதல் இலை போடுவதற்கு முன்னால், ஒரு கிண்ணத்தில் தொடைத் துண்டு ஒன்று, நெஞ்சுத் துண்டு இரண்டு, மேலே நிறையக் குழம்பு எடுத்து மூடி வையுங்கள். இதைச் சமைத்தவர் செய்யத் தயங்குவார். ஆகவே வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். மகனோ, மகளோ, கணவரோ. பரிமாறும் கரண்டியைக் கையில் எடுப்பவர் முதலில் அந்தக் கிண்ணத்தை நிரப்பிவிட்டுப் பந்திக்கு வரட்டும்.